காலியிடம் என்று நான் எழுதிய இடம்

விழா மலர் கைக்கு வந்ததும் முதலில் அதை முகர்ந்து பார்த்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் புதுப் புத்தகக் கட்டுகளைப் பிரித்த கை, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வழவழப்பான தாள். அட்டையில் எங்கள் மாதா கோயில், அதன் கோபுரத்துக்கு மேலே கணினியில் ஒட்டிய வெள்ளைப் புறாக்கள். எங்கள் ஊரில் புறா கிடையாது. காக்காயும் பருந்தும்தான் உண்டு, அவையும் மீன் குடலுக்காக வருகிறவை. உள்ளே மூன்றாவது கட்டுரை என்னுடையது: 'நம் பங்கின் நில அமைப்பும் பாரம்பரியமும்.' பங்கு என்றால் எங்கள் கோயிலுக்கு உட்பட்ட பகுதி. கூடவே முழுப்பக்கத்துக்கு ஒரு வரைபடம், அதுவும் நான் போட்டதுதான். அந்தப் பக்கத்தை மட்டும் நான் திறப்பதில்லை.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு மேற்கே சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குள் 'காலியிடம்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். எங்கள் முதல் பிள்ளை அங்கேதான் கிடக்கிறது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அதை அங்கே புதைத்தவனும் நான்தான்.

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அய்யா நாட்டுப்படகுக்காரர். எனக்கோ படகில் கால் வைத்தால் வாந்தி. நாலு தரம் கடலுக்குக் கூட்டிப்போய் நாலு தரமும் வலை மேல் வாந்தி எடுத்தேன். "இவன் படிக்கத்தான் லாயக்கு" என்று அய்யா வெறுத்துப் போய் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அப்படித்தான் நான் பூகோள வாத்தியார் ஆனேன். உச்சிப்புளி தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, தினமும் பாம்பன் பாலத்தில் பஸ் பயணம். ஓய்வு பெற்று வந்து உட்கார்ந்ததும் பங்கின் நூற்றாண்டு விழாக் கமிட்டி என்னைப் பிடித்துக்கொண்டது.

கமிட்டிச் செயலாளர் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர், எனக்கு ஒரு வகையில் பங்காளி. வீட்டுக்கு வந்து காபியை ஊதிக்கொண்டே சொன்னார்: "சார், நம்ம ஊருக்கு ஒரு வரலாறு வேணும். படிச்சா கெத்தா இருக்கணும். ஒரு ராஜா, ஒரு வெள்ளைக்காரச் சாமியார், ஒரு அற்புதம். மூணு இருந்தாப் போதும்."

ராஜா யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லையே என்றேன். "நீங்க எழுதுனா வந்துட்டுப் போறாரு" என்றார்.

ராஜாவை நான் வரவழைக்கவில்லை. அந்த அளவுக்கு மானம் இருந்தது. அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு மூன்று வாரம் எல்லையைச் சுற்றி நடந்தேன். வடக்கே கடல். அதை எங்கள் ஆட்கள் பெண்கடல் என்பார்கள், அலையடிக்காத கடல். தீவின் தெற்குப் பக்கத்தில் இருப்பது ஆண்கடல், அது எங்கள் பங்கில் சேராது. எங்களுக்குத் தெற்கெல்லை ராமேஸ்வரம் ரோடு. கிழக்கே பனங்காடு. மேற்கே மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடை. அந்த ஓடை இப்போது வருஷம் முழுக்க ஓடுகிறது. மீன் கம்பெனிகள் கழுவி விடுகிற தண்ணீர் அது, மேலே நுரை, நுரைக்கு மேலே ஈ. அதைத் தாண்ட நான் மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்தேன். அறுபது வயதில் ஓடை தாண்டிக் குதித்ததைப் பார்த்து நாய்கூட ஒதுங்கி நின்றது.

பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ள ஊரில் மூன்று உண்டு. ஒன்று பழைய சுண்ணாம்புக் காளவாய், கடலில் எடுத்த பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிய இடம். அதற்குள் எட்டிப் பார்த்தேன். குடித்துப் போட்ட பாட்டில்கள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன, மூத்திர நாற்றம் கண்ணைக் கரித்தது. இரண்டாவது கரையோர மணலில் தோண்டிய நல்லதண்ணீர் ஊற்று. கடலுக்கு இருபது அடி தள்ளி இனிப்புத் தண்ணீர் சுரக்கும், பெண்கள் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். ராமேஸ்வரத்துக்கு வேனில் வருகிறவர்கள் அங்கே நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிறார்கள். நான் போன அன்று தண்ணீரில் ஒரு டயப்பர் உப்பிப் போய் மிதந்தது. சும்மா சொல்லக் கூடாது, நம் ஆட்களும் சளைத்தவர்களா என்ன, தள்ளுபடியான சங்காய மீனை அதன் கரையிலேயே கொட்டிவைத்திருந்தார்கள். மூன்றாவது கல்லறைத் தோட்டத்து மதில்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நான் எழுதிய முதல் வரி என்ன தெரியுமா? 'எழில் கொஞ்சும் கடற்கரையும் அமைதி தவழும் பனந்தோப்புகளும் சூழ்ந்தது நம் பங்கு.' எழுதும்போதும் கையில் அந்த ஓடையின் வாடை இருந்தது. வெட்கம் கெட்டவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டு அடுத்த வரியையும் அப்படியே எழுதினேன்.

அந்த மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மதில், இடுப்பு உயரம். உள்ளே இருப்பது மந்திரித்த மண். சிலுவை, பெயர், தேதி, பிளாஸ்டிக் மாலை எல்லாம் உண்டு. வெளியே மேற்குப் பக்கம் உடைமரமும் மணலும். ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைக்கு உள்ளே இடமில்லை, அந்த மணலில்தான் வைக்க வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. தகப்பன் மட்டும் போக வேண்டும். மணி அடிக்காது, ஜெபம் கிடையாது, சிலுவை நடக் கூடாது. தலைமாட்டில் ஒரு பவளக்கல்லை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தாய்க்கு இடத்தைக் காட்டக் கூடாது, காட்டினால் அடுத்த கரு தங்காது என்பார்கள். ஞானஸ்நானம் இல்லை என்பதால் பெயர் இல்லை, பெயர் இல்லை என்பதால் கோயில் பதிவேட்டில் பிறப்பும் இல்லை, சாவும் இல்லை. பிள்ளைகள் இருந்ததற்கு அந்தக் கற்கள் மட்டும்தான் சாட்சி.

எங்களுடையது பெண் பிள்ளை. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் பிறக்கும்போதே மூச்சில்லை. என் மனைவி மயக்கத்தில் கிடந்தாள். நான் பிள்ளையைத் துணியில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு பஸ் ஏறினேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது கண்டக்டர் பக்கத்தில் வந்து, "என்ன சார் கூடையில, மீனா?" என்று கேட்டார். தெரிந்த மனுஷர், தினமும் பார்க்கிறவர்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிற்பகல் வெயிலில் குழி தோண்டினேன். சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் மதிலுக்கு உள்ளே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் மேக்கால தள்ளி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரித்த மண்ணோடு கலந்துவிடக் கூடாதாம். மதிலில் ஒரு வெடிப்பு இருந்தது, அதற்கு நேர் எதிரே வைத்தேன். என் இரண்டு கையும் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய கல்லைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, சொன்னபடியே திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பிறகு இரண்டு பையன்கள் பிறந்து, வளர்ந்து, சென்னைக்குப் போய்விட்டார்கள். அதைப் பற்றி நானும் மனைவியும் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமல் இருப்பது அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். உண்மையில் எனக்குத்தான் சௌகரியமாக இருந்தது.

வரைபடத்துக்கு வருகிறேன். செயலாளர் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கோயில், பள்ளிக்கூடம், ஐஸ் கம்பெனி (அதைப் பெரிதாகப் போடச் சொன்னார்), கல்லறைத் தோட்டம். விரல் மேற்கே நகர்ந்தது.

"இங்கன என்ன சார் போடப் போறீக? கட்டம் சும்மா கெடக்கே."

மறந்துபோய் எழுதினேன் என்று சொன்னால் அது பொய். பேனா ஒரு நொடி நின்றது. ஊரில் எல்லோரும் அந்த இடத்தைக் காலியிடம் என்றுதான் சொல்வார்கள். ஆடு மேய்க்கிறவனும் அப்படித்தான் சொல்வான், பிள்ளையை வைத்தவனும் அப்படித்தான் சொல்வான். வேறு எதையாவது எழுதினால் அவர் ஏன் என்று கேட்பார். "காலியிடம்தான்" என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். அவருடைய அண்ணனும் ஒரு பிள்ளையை அங்கே கொண்டுபோய் வைத்தவர். செயலாளருக்கும் அது தெரியும். "சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் வாசலில் புதிதாக ஒரு கெபி எழுந்திருப்பதைப் பார்த்தேன். மலைக்குகை போல் கல்லை அடுக்கி, நடுவில் மாதா சுரூபம், சுற்றிலும் நீல விளக்கு. எல்லாம் பவளக்கல். எனக்கு முதலில் ஆச்சரியம். கடலில் பவளக்கல் எடுத்தால் இப்போது கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் மணலில் புதைந்து கறுத்த கற்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் இரண்டு கையால் தூக்கக்கூடிய அளவு.

சிமெண்ட் பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் எங்கே எடுத்தது என்று கேட்டேன். "மேக்கால காலியிடத்துல சும்மாக் கெடந்துச்சு சார். கமிட்டியில மேப்பைக் காட்டி அங்கன எடுத்துக்கச் சொன்னாக. டிராக்டர்ல ரெண்டு நடை."

பூசை முடிந்து வந்த பெண்கள் அந்தக் கல்லைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள். மதிலுக்குள் விடாத பிள்ளைகளின் தலைமாட்டுக் கல்லைப் பிடுங்கி வந்து, விளக்கு மாட்டி, கும்பிடுகிறார்கள். நானோ படகில் வாந்தி எடுத்து வளர்ந்தவன். வேப்பமரத்தடிக்குப் போய்க் குனிந்தேன், காலையில் குடித்த காபி முழுதும் வெளியே வந்தது. "பித்தம் சார், இஞ்சிச் சாறு குடிங்க" என்றார் கொத்தனார், முகம் சுளிக்காமல். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

ஐஸ் கம்பெனிக்கு நேராகப் போனேன். செயலாளர் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். எந்த இடத்துக் கல் அது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"எந்தக் கல்லு? சார், காலியிடம்னு நீங்கதான எழுதிக் குடுத்தீக?"

"உங்க அண்ணன் பிள்ளையும் அங்கனதான கெடக்கு?"

இயந்திரத்தில் ஐஸ் உடைவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் குரலைத் தணித்து, "கிண்டாம விடுங்க சார். திங்கக்கெழம ஜேசிபி வருது. மட்டம் பண்ணிக் கல்லு பாவிட்டா வண்டி நிறுத்த ஆச்சு. விழாவுக்கு பிஷப்பு வாரப்ப கார் எங்கன நிக்கும்?" என்றார். எச்சிலைக் கூட்டித் துப்பிவிட்டு வெளியே வந்தேன். துப்பியது ஐஸ் கம்பெனித் தரையில்தான், அவர் முகத்தில் துப்ப எனக்குத் தைரியமும் இல்லை, தகுதியும் இல்லை.

பங்குத்தந்தை இளவயதுக்காரர், உள்நாட்டு ஊரைச் சேர்ந்தவர், எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். "என்ன சார் சொல்றீங்க? அந்த மாதிரி பிள்ளைங்கள உள்ளேயே அடக்கம் பண்ணலாமே. சட்டம் மாறி எவ்வளவோ காலமாச்சே!"

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் மணலைத் தோண்டிய அன்றே அந்தச் சட்டம் மாறியிருந்ததா என்று அவரிடம் கேட்கவும் இல்லை. பதில் தெரிந்தால் அதையும் சுமக்க வேண்டும்.

அவர் மேஜையில் பதிவேடுகளைப் புரட்டினார். "இதுல ஒண்ணுமே இல்ல. கல்லும் போச்சு. கமிட்டியில நான் எதை வச்சுப் பேசுறது? பெத்தவங்க யாராவது வந்து, இங்க எங்க பிள்ளை இருக்குன்னு சொல்லணும். ஒருத்தர் சொன்னாலும் போதும், ஜேசிபிய நிறுத்திடுறேன். நீங்க யாரையாவது கூட்டிட்டு வர்றீங்களா?"

"விசாரிச்சுப் பார்க்கிறேன் பாதர்" என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். எதிரே இருந்த அந்த நல்ல மனிதர் கேட்டது ஒரே ஒரு ஆளை. அந்த ஆள் நானேதான், விசாரிப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். என்னைப் போல ஒரு பிறவியை எங்கே வைத்துப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் மலர் வீட்டுக்கு வந்தது. நான் முகர்ந்துவிட்டு மேஜையில் போட்டதை என் மனைவி எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நான் எழுதியது எதையும் அவள் இதற்கு முன் படித்ததில்லை. 'எழில் கொஞ்சும்' என்ற இடத்தில் லேசாகச் சிரித்தாள். வரைபடத்துக்கு வந்தபோது விரலை வைத்து நகர்த்தினாள். கோயில், கல்லறைத் தோட்டம், மதில். விரல் நின்றது.

"அங்கனதான வச்சீக?"

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அதைக் கேட்டாள். ஆமாம் என்றேன். கெபியின் கல், திங்கட்கிழமை வரப்போகிற ஜேசிபி, பாதர் கேட்டது, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவுமில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "வாங்க. எடத்தக் காட்டுங்க" என்றாள்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. டிராக்டர் டயர் மணலைக் கண்டபடி கிழித்துப் போட்டிருந்தது. கல் பிடுங்கிய இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளம், சிலவற்றில் பிளாஸ்டிக் டம்ளர், சிலவற்றில் கோழி எலும்பு. நான் மதிலைப் பார்த்தேன். வெடிப்புக்கு நேர் எதிரே என்றுதானே வைத்திருந்தேன்? விழாவுக்காக மதில் முழுவதும் சிமெண்ட் பூசி மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு வெடிப்பும் இல்லை. ஓடையிலிருந்து பனங்காடு வரை அடிக்கணக்கில் அளந்தவன் நான், என் பிள்ளை மதிலிலிருந்து எத்தனை எட்டு என்று அளந்து வைக்கவில்லை.

"எங்கன?" என்றாள்.

நான் ஒரு பள்ளத்தைக் கை காட்டினேன்.

"இங்கனயா?"

"இங்கனதான்."

அவள் மண்டியிட்டு அந்தப் பள்ளத்திலிருந்த டம்ளரை எடுத்துத் தூர எறிந்தாள். கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். பிறகு உள்ளங்கையை மணலில் வைத்து, சூடு தாங்காமல் எடுத்து, மறுபடி வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். நான் காட்டியது பொய்யான இடம். இன்றுவரை அதை அவளிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வீட்டுக்கு வரவில்லை. மலரையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு கெபியின் முன்னால் போய் நின்றாள். ஆண்கள் நாங்கள் வழக்கம்போல் வேப்பமரத்தடியில் நின்றோம். அவள் வரைபடப் பக்கத்தைத் திறந்து, அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருந்ததை ஒரே கோட்டால் அடித்தாள். மேலே ஒரு பெயரை எழுதி, கோயிலிலிருந்து வெளியே வந்த பாதரிடம் நீட்டி, "எங்க மூத்த பிள்ள. இங்கன கெடக்கு" என்றாள்.

பாதர் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தார். நான் அதைக் கேட்டது அப்போதுதான். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, அவள் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்து இத்தனை வருஷமும் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஒரு தரம்கூடக் காதில் விழவில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதும் உரிமை எனக்கில்லை.

செயலாளரின் அண்ணன் மனைவி கூட்டத்திலிருந்து வந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள், இவள் எழுதினாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். இரண்டு பிள்ளை என்று விரலைக் காட்டியவளும் உண்டு. இடம் எது என்று யாருக்கும் தெரியாது, காட்ட வேண்டிய தகப்பன்களில் பாதிப் பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதிப் பேர் வேப்பமரத்தடியில் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தோம். பெயர் மட்டும் எல்லாத் தாய்க்கும் தெரிந்திருந்தது. கட்டம் போதவில்லை. பெயர்கள் மதிலைத் தாண்டின, கல்லறைத் தோட்டத்துக்குள் போயின, வடக்கே கடலுக்கு விட்டிருந்த வெள்ளை இடத்திலும் எழுதினாள். செயலாளர் முன்னால் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பாதர் அங்கேயே போனை எடுத்து, திங்கட்கிழமை ஜேசிபி வர வேண்டாம் என்று சொன்னார்.

கூட்டம் கலைந்தபோது நான் அவள் பக்கத்தில் போனேன். அந்தப் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. தகப்பன் என்று என் கையாலும் ஒன்று எழுத வேண்டும் போலிருந்தது. பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினேன்.

அவள் பேனாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்கதான் முன்னமே எழுதிட்டீகளே" என்றாள்.